பார்வையற்ற டெவலப்பர் டீமில் சேர்கிறார்: மூன்று வாரத்தில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கேள்வி: ஓஎம்ஆர்_டீம்லீட்

வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் 180 பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனி. என் டீமில் ஒன்பது பேர். பத்தாவதாக ஒரு பேக்கெண்ட் டெவலப்பர் வருகிறார், முழுப் பார்வையற்றவர். பைத்தான்தான் முக்கிய வேலை, பழைய ஜாவா சர்வீஸ் ஒன்றும் உண்டு. இன்டர்வியூ முடிந்து ஆஃபர் போய்விட்டது, மூன்று வாரத்தில் சேர்கிறார்.

ஹெச்ஆர் போட்டிருக்கும் திட்டம் இது: முதல் நாள் விழிப்புணர்வுக் கூட்டம், டீமில் எல்லோரும் அரை மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு கேக். ஐடி சப்போர்ட்டில் "ஜாஸ் வாங்கணுமா, எத்தனை லைசென்ஸ்" என்று கேட்டதோடு சரி (ஜாஸ் என்பது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்). இரண்டும் போதாது என்று தோன்றுகிறது. லேப்டாப், எடிட்டர், மீட்டிங், கோட் ரிவ்யூ, கட்டடம், சட்டம் என்று பட்டியல் நீள்கிறது. எதை முதலில் பார்ப்பது? எது வழக்கமாகச் சொதப்பும்?

---

பதில்: விசைப்பலகை

முதலில் அந்தக் கண்கட்டு விளையாட்டை நிறுத்துங்கள். அரை மணி நேரம் கண்ணைக் கட்டினால் தெரிவது நேற்றுப் பார்வை போனவரின் தடுமாற்றம். பல வருடம் ஸ்கிரீன் ரீடரில் கோட் எழுதியவரின் வேகம் அதில் தெரியாது. கூட்டம் முடிந்து எல்லோரிடமும் மிஞ்சுவது பரிதாபம்தான். அதை வைத்துக்கொண்டு யாரும் அவருடைய புல் ரிக்வெஸ்ட்டில் (ரிவ்யூவுக்கு வரும் கோட் மாற்றத்தில்) நியாயமாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதே அரை மணி நேரத்தை வேறு மாதிரி செலவழிக்கலாம். எல்லோருடைய மவுஸையும் கழற்றி வாங்கிவிட்டு, டைம்ஷீட் போடு, லீவ் கேள், விபிஎன்னில் நுழை, ஒரு டிக்கெட்டை 'முடிந்தது' நிலைக்கு மாற்று, பே ஸ்லிப்பை இறக்கு என்று ஐந்து வேலை கொடுங்கள். டேப், ஷிஃப்ட்+டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி, எஸ்கேப் மட்டுமே அனுமதி. எங்கே மாட்டிக்கொள்கிறார்கள், எங்கே ஃபோகஸ் எதில் நிற்கிறது என்றே தெரியவில்லை என்று எழுதி வாங்குங்கள். மூன்று வாரத்தில் சரிசெய்ய வேண்டிய பட்டியல் அதுதான். பெரும்பாலும் எடிட்டர் பிழைத்துவிடும். விழுவது ஹெச்ஆர் போர்ட்டலும் விபிஎன் கிளையண்டும்.

இரண்டாவது, இன்றே அவருக்கு ஒரு மெயில்: எந்த ஸ்கிரீன் ரீடர், எந்த எடிட்டர், நம்பர்பேட் உள்ள கீபோர்டா லேப்டாப் கீபோர்டா, எந்த வகை ஹெட்செட், பிரெய்ல் படிப்பாரா, படித்தால் பிரெய்ல் டிஸ்ப்ளே (திரையில் உள்ள எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் சாதனம்) வேண்டுமா. இந்தப் பதில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள். 40 செல் பிரெய்ல் டிஸ்ப்ளே லட்ச ரூபாயைத் தாண்டும். பிரெய்ல் படிக்காதவர் மேஜையில் அது அலங்காரப் பொருள். ஜாஸ் நல்ல மென்பொருள்தான், ஆனால் கட்டணம் உண்டு. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், திறந்த மூலம். ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கியது, இங்கே பல டெவலப்பர்கள் அதில்தான் இருக்கிறார்கள். அவர் என்விடிஏ என்று சொன்னால் உங்கள் பட்ஜெட் கேள்வி அங்கேயே தீர்ந்தது.

என்விடிஏ என்றே வைத்துக்கொண்டு ஐடி சப்போர்ட் செய்ய வேண்டியது:

ஒன்று, அட்மின் உரிமையோடு முறையாக இன்ஸ்டால் செய்யுங்கள். பென் டிரைவில் ஓடும் போர்ட்டபிள் பிரதி போதும் என்று விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு இருட்டாகும் திரையில் போர்ட்டபிள் பிரதி ஊமையாகிவிடும். லாகின் திரையிலும் அது பேசாது. அப்படியானால் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கவே பக்கத்து சீட்டுக்காரர் வேண்டும்.

இரண்டு, இன்ஸ்டால் செய்த பிறகு என்விடிஏ+என் அழுத்தி மெனுவில் அமைப்புகளுக்குப் போய், பொதுப் பிரிவில் 'சைன்-இன் போது பயன்படுத்து' என்பதைக் குறியிடுங்கள். அவர் தன் குரல், வேகம் எல்லாம் வைத்த பிறகு, அதே பக்கத்தில் உள்ள 'இப்போதைய அமைப்புகளைச் சைன்-இன் திரையிலும் பாதுகாப்புத் திரைகளிலும் பயன்படுத்து' பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கு அட்மின் உரிமை தேவை. அதனால் முதல் நாள் ஐடி ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று, இரட்டைச் சரிபார்ப்பு. க்யூஆர் கோடு காட்டி "ஸ்கேன் செய்யுங்க" என்பது வேலைக்காகாது. கோடுக்குக் கீழே எழுத்து வடிவச் சாவி கிடைக்கும்படி வையுங்கள். அதைவிட எளிது, தொட்டால் போதும் என்கிற யுஎஸ்பி செக்யூரிட்டி கீ. கேப்ட்சா உள்ள உள் தளம் ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், ஊழியர்கள் மட்டும் நுழையும் இடத்தில் அதற்கு என்ன வேலை?

நான்கு, ஹெட்செட் யுஎஸ்பி வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் சில நொடி அமைதியானால் தூங்கிவிடும், எழும்போது முதல் எழுத்துகளை விழுங்கும். சாதாரணப் பேச்சில் பரவாயில்லை. கோட் வாசிக்கும்போது 'நாட்' (not) என்ற ஒரே சொல் விழுங்கப்பட்டால் அர்த்தமே தலைகீழ்.

எடிட்டருக்கு வருவோம். விஎஸ் கோட் நன்றாக ஒத்துழைக்கும். ஸ்கிரீன் ரீடர் ஓடுவதைத் தானே கண்டுபிடிக்கும்; கண்டுபிடிக்காவிட்டால் ஷிஃப்ட்+ஆல்ட்+எஃப்1. ஆல்ட்+எஃப்1 உதவி, ஆல்ட்+எஃப்2 டெர்மினல் வெளியீடு, ஹோவர் தகவல் போன்றவற்றைச் சாதாரண உரையாகப் படிக்கும் பார்வை, எஃப்8 அடுத்த பிழைக்குத் தாவ, டிஃப் பார்க்கும்போது எஃப்7. பிழையுள்ள வரி, பிரேக்பாயிண்ட் ஆகியவற்றுக்குச் சிறு ஒலிகளும் உண்டு. இன்டெல்லிஜே, பைசார்ம் என்றால் தோற்ற அமைப்பில் 'ஸ்கிரீன் ரீடர் ஆதரவு' தேர்வை இயக்கி, ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜும் இயங்குகிறதா என்று பார்த்து, ஐடிஇயை மூடித் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல் "பைசார்ம் பேசவே இல்லை" என்று புகார் வருவது சகஜம்.

பைத்தானில் இன்டென்ட்டேஷன் எப்படிக் கேட்பது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. என்விடிஏவின் ஆவண வடிவமைப்பு அமைப்பில் வரி உள்தள்ளலைப் பேச்சாகவோ டோனாகவோ இரண்டுமாகவோ சொல்ல வைக்கலாம். பலர் டோன் வைத்துக்கொள்வார்கள்: உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். தவறான இடத்தில் நிற்கும் 'ரிட்டர்ன்' கண்ணுக்குத் தப்பினாலும் அந்தக் காதுக்குத் தப்பாது.

---

பதில்: கட்டளைவரி

மேலே சொன்னவை சரி. ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்பவன் என்ற முறையில் சில சேர்க்கைகளும் ஒரு மறுப்பும்.

மறுப்பு இன்டெல்லிஜே பற்றி. அமைப்பை இயக்கினால் பேசும், ஆனால் பெரிய ஜாவா புராஜெக்ட்டில் தாமதம் வரும். ஆட்டோ கம்ப்ளீட் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். டீம் முழுக்க இன்டெல்லிஜே என்பதற்காக அவரையும் அதில் கட்டாயப்படுத்த வேண்டாம். பில்டு, டெஸ்ட், லின்ட், டீபக் எல்லாம் கமாண்ட் லைனில் ஓடும்படி வைத்தால் யார் எந்த எடிட்டரில் இருந்தால் என்ன? "இந்தப் பட்டனை அழுத்தினால்தான் டெப்ளாய்" என்று ஐடிஇக்குள் பூட்டி வைத்திருக்கும் வேலைகளை இந்த மூன்று வாரத்தில் ஸ்கிரிப்ட் ஆக்குங்கள். மற்ற ஒன்பது பேருக்கும் லாபம்தான்.

டெர்மினலில் சுற்றும் ஸ்பின்னர், சதவீதம் காட்டும் பட்டை இரண்டும் தொல்லை. ஒவ்வொரு அசைவையும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். என்விடிஏ+5 அழுத்தித் தற்காலிகமாக வாயை மூடலாம், ஆனால் பிறகு உண்மையான பிழைச்செய்தியும் வராது. உங்கள் உள் ஸ்கிரிப்ட்களில் அமைதியாக ஓடும் ஒரு ஃபிளாக் வையுங்கள். நீண்ட வெளியீடு ஃபைலுக்குப் போகட்டும், கடைசி வரியில் 'வெற்றி' அல்லது 'தோல்வி, 3 பிழைகள்' என்று தெளிவாக எழுதட்டும். சிவப்பு, பச்சை நிறம் மட்டும் வைத்து முடிவு சொல்லும் ஸ்கிரிப்ட் எங்களுக்கு ஒன்றுமே சொல்வதில்லை. நிறப் பார்வைக் குறை உள்ளவருக்கும் அப்படித்தான்.

ஸ்டைல் சண்டையை மெஷினிடம் விடுங்கள். ஒரு ஃபார்மேட்டர், ஒரு லின்டர், கமிட்டுக்கு முன் தானாக ஓடட்டும். ரிவ்யூவில் "இங்கே ஒரு ஸ்பேஸ் கூடுதல், இது அலைன் ஆகவில்லை" என்று முப்பது கமென்ட் வாங்குவதுபோல வெட்டி வேலை எதுவும் இல்லை. கமென்ட் எழுதும்போது "இதைப் பாருங்க", "மேலே உள்ளது" என்று மொட்டையாக எழுதாமல் ஃபங்ஷன் பெயர், வரி எண்ணோடு எழுதுங்கள்.

இப்போது தினமும் நடக்கும் குற்றம்: ஸ்கிரீன்ஷாட். பிழை வந்ததும் படமெடுத்துச் சாட்டில் ஒட்டுவது எல்லா டீமிலும் ஊறிப்போன பழக்கம். ஸ்டாக் டிரேஸை உரையாக ஒட்டுங்கள், அவ்வளவுதான். உரை என்றால் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடிக்கலாம். போன வருடம் இதே பிழையை யாரோ தீர்த்தது படத்துக்குள் புதைந்து கிடப்பதில் யாருக்கு நன்மை? ஆர்க்கிடெக்சர் படங்களை எழுத்தைப் படமாக்கும் மெர்மெய்ட் அல்லது பிளாண்ட்யூஎம்எல்லில் எழுதி ரெப்போவில் வைத்தால் மூலத்தையே படித்துவிடலாம், திருத்தவும் முடியும். டிசைனர்கள் திரை வரையும் ஃபிக்மா கேன்வாஸ் எங்களுக்கு வெறும் சுவர் மாதிரி. பேக்கெண்ட் டெவலப்பருக்கு அதிலிருந்து தேவைப்படுவது ஃபீல்டுகள், கட்டாயமா இல்லையா, பிழைச்செய்தி என்ன என்பது. அதை டிக்கெட்டில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். டிக்கெட்டுகளைப் பார்க்கும் ஜிரா போர்டில் கார்டை இழுத்து நகர்த்த மவுஸ் வேண்டும், ஆனால் டிக்கெட்டைத் திறந்து ஸ்டேட்டஸ் மாற்றினால் அதே வேலைதான். "நீங்க சொல்லுங்க, நான் நகர்த்தறேன்" என்று யாரும் பொறுப்பெடுக்கத் தேவையில்லை.

கோடைச் செல் செல்லாகப் பிரித்து ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக் உங்கள் டீமில் உண்டா? பிரவுசரில் அது சிரமம், செல்லுக்குள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதே குழப்பும். விஎஸ் கோட் வழியாகத் திறக்கலாம், அல்லது பகிர வேண்டியதைச் சாதாரண பைத்தான் ஃபைலாக வையுங்கள்.

மீட்டிங்கில் ஒரே காதுக்குள் இரண்டு பேச்சு: ஆட்கள் பேசுவதும், ஸ்கிரீன் ரீடர் பேசுவதும். ஆடியோ அமைப்பில் ஸ்கிரீன் ரீடரை ஒரு சாதனத்துக்கும் மீட்டிங்கை இன்னொன்றுக்கும் பிரிக்கலாம், அதனால் இரண்டாவதாக ஒரு சின்ன இயர்ஃபோன் கேட்டால் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது கம்ப்யூட்டர் ஒலியையும் சேர்த்துப் பகிர்ந்தால் அந்த வேகப் பேச்சு எல்லோருக்கும் கேட்கும். அதை அணைக்க வேண்டும். நீங்கள் ஷேர் செய்து பேசினால் "இங்கே கிளிக் பண்ணா இது வருது" என்பதற்குப் பதில் "ஆர்டர்ஸ் பக்கத்தில் ரத்து பட்டனை அழுத்தினால் 500 எரர்" என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். போனில் கேட்டுக்கொண்டிருக்கும் கிளையண்டுக்கும் அதுதான் புரியும். ஸ்லைடும் டாக்குமென்ட்டும் மீட்டிங்குக்கு முதல் நாளே வரட்டும், ஏனென்றால் மீட்டிங் நடக்கும்போது படிப்பதும் கேட்பதும் ஒரே காதுதான்.

---

பதில்: ஆள்சேர்ப்பு_பக்கம்

ஹெச்ஆர் பக்கம் பேசுகிறேன். கேக்கை விட்டுவிட்டு உங்கள் ஹெச்ஆர் முதலில் எடுக்க வேண்டியது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகை மாற்றுத்திறன்கள் அதில் வருகின்றன. தனியார் நிறுவனத்துக்கு இடஒதுக்கீடு கட்டாயமில்லை. 4 சதவீதம் அரசுப் பணிக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு "நமக்கு எதுவும் இல்லை" என்று மூடிவைப்பவர்களே அதிகம். பிரிவு 21 எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதன் பிரதியை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். வெப்சைட்டில் போடுவது நல்லது, இல்லாவிட்டால் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில்.

2017 விதிகள்படி 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனத்தின் கொள்கையில் இருக்க வேண்டியவை: என்ன வசதிகள் தரப்படும், எந்தப் பதவிகள் பொருத்தமானவை, தேர்வு முறை, சேர்ந்த பிறகும் பதவி உயர்வுக்கு முன்னும் பயிற்சி, இடமாற்றத்தில் முன்னுரிமை, சிறப்பு விடுப்பு, உதவிச் சாதனங்கள், தடையற்ற கட்டடம், இவற்றைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலர். 180 பேர் உள்ள உங்களுக்கு இது முழுமையாகப் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் இரண்டு பக்க மாதிரியில் கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால், 'பொருத்தமான பதவிகள்' என்ற இடத்தில் டெலிபோன் ஆபரேட்டர் என்று இருக்கும், நீங்கள் எடுத்திருப்பதோ பேக்கெண்ட் டெவலப்பர். படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் (பிரிவு 89).

இன்னொரு தவறான எண்ணம், 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழ் காட்டினால்தான் வசதி செய்து தரவேண்டும் என்பது. 40 சதவீத அளவுகோல் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு. நியாயமான வசதி ஏற்பாடு வேறு. அதை மறுப்பதையே பாகுபாடு என்கிறது சட்டம். 2021-இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கிவிட்டது.

சேரும் நாள் காகிதங்களைக் கவனியுங்கள். ஆஃபர் லெட்டரை அச்சடித்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும் வழக்கம் இருந்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு படம். வேர்ட் அல்லது எழுத்தாகவே உள்ள பிடிஎஃப் அனுப்புங்கள். பின்னணி சரிபார்ப்புக்கு வெளி வெண்டர் ஆப் வைத்திருந்தால் அதில் செல்ஃபி எடுத்து 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்ற கட்டம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வங்கிகள், டெலிகாம் நிறுவனங்களின் கேஒய்சியில் இதே பிரச்சினைக்காகத்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் மாற்று வழிகள் தரச் சொல்லி உத்தரவிட்டது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொன்னது. உங்கள் வெண்டரிடம் மாற்று வழி கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பணம் எங்கிருந்து என்பதை முடிவு செய்துவிடுங்கள். ஹெட்செட், டிஸ்ப்ளே, லைசென்ஸ் செலவை டீமின் புராஜெக்ட் கணக்கில் எழுதினால், அடுத்த மேனேஜர் இன்டர்வியூவிலேயே தயங்குவார். கம்பெனிப் பொதுக் கணக்கில் ஒரு தலைப்பு திறந்து, கேட்டால் ஒரு வாரத்துக்குள் ஒப்புதல் என்று வைத்தால் போதும்.

சேர்ந்த பிறகு கட்டாயப் பயிற்சிகள் வருமே, தகவல் பாதுகாப்பு, போஷ் (பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்பு) என்று வீடியோவும் கடைசியில் பத்துக் கேள்வியும், அவை பெரும்பாலும் ஸ்கிரீன் ரீடரில் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் வாசிக்கும். கேமரா வைத்துக் கண்ணசைவைப் பார்க்கும் தேர்வு மென்பொருளில் "அடிக்கடி திரையை விட்டு விலகுகிறார்" என்று அவர்மேல் முறைகேடு பதிவாகும். தேர்வின்போது வேறெதையும் திறக்க விடாத லாக்டவுன் பிரவுசர் ஸ்கிரீன் ரீடரையே தடுத்துவிடலாம். மேற்பார்வைக்கு ஆளை வையுங்கள், நேரம் கூட்டிக் கொடுங்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால், எழுத்துத் தேர்வுகளுக்கான மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

---

ஓஎம்ஆர்_டீம்லீட்

எல்லோருக்கும் நன்றி. மவுஸ் இல்லாமல் பார்த்தோம். சொன்னபடியே எடிட்டர் தப்பித்தது, லீவ் போர்ட்டலில் தேதி தேர்வு செய்யும் காலண்டரும் விபிஎன்னும் மாட்டின. வெண்டருக்கு எழுதியாகிவிட்டது.

புதுச் சிக்கல் ஒன்று. அவர் என்விடிஏ என்று சொல்லிவிட்டார், ஆனால் எங்கள் செக்யூரிட்டி டீம் மறுக்கிறது. கீ அழுத்துவதையெல்லாம் பிடிக்கிற திறந்த மூல மென்பொருள், எண்ட்பாயிண்ட் பாதுகாப்பு எச்சரிக்கை தருகிறது என்கிறார்கள். புராஜெக்ட் ஓடிசிக்குள் (ஒரு கிளையண்டின் வேலைக்கென்றே தனியாகப் பூட்டிய அலுவலகப் பகுதி) நடக்கிறது: யுஎஸ்பி அடைப்பு, மொபைல் வெளியே, கிளையண்ட் தரும் ரிமோட் டெஸ்க்டாப். என்ன சொல்லிப் புரியவைப்பது?

---

பதில்: விசைப்பலகை

பயம் புரிகிறது, பதிலும் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்றாலே விசைகளைப் பிடித்து, மற்ற புரோகிராம்களுக்குள் நுழைந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஜாஸும் அதைத்தான் செய்கிறது. அதனால் எச்சரிக்கை வருவது எதிர்பார்த்ததே. விதிவிலக்கை ஃபோல்டர் பெயரை வைத்துக் கொடுக்காமல் என்விடிஏவை வெளியிடும் என்வி ஆக்சஸின் டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது அப்டேட் வந்தாலும் உடையாது, வேறு எதுவும் அந்த வழியில் நுழையாது.

அவர்கள் கேட்க வேண்டிய உண்மையான கேள்விகள் மூன்று. லாக் நிலை: 'உள்ளீடு/வெளியீடு' நிலையில் வைத்தால் தட்டிய விசைகள் லாக் ஃபைலில் பதியும், சாதாரண 'தகவல்' நிலையில் விட்டால் பதியாது. ஆட்-ஆன்கள்: இவை முழு உரிமையோடு ஓடும் பைத்தான் கோட், எனவே ஒப்புதல் பெற்ற பட்டியல் ஒன்று இருக்கட்டும், புதிது கேட்டால் இரண்டு நாளில் பார்த்துச் சொல்லட்டும். சைன்-இன் திரைக்கு அமைப்புகளை நகலெடுக்கும்போது ஆட்-ஆன்களும் போகும் என்பதால் முதலில் சொன்ன அந்தப் பொத்தானைச் சரிபார்த்த பிறகே அழுத்துங்கள். மூன்றாவது, 2025.1 பதிப்பிலிருந்து உள்ளேயே வரும் ரிமோட் ஆக்சஸ் வசதி. ஓடிசியில் அதை அணைத்தே வையுங்கள். பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் தேர்வையும் பொது அமைப்பிலேயே எடுத்துவிடலாம்.

யுஎஸ்பி: ஹெட்செட், செக்யூரிட்டி கீ, தேவைப்பட்டால் பிரெய்ல் டிஸ்ப்ளே, இவற்றின் சாதன அடையாள எண்ணை மட்டும் திறந்தால் போதும். பென் டிரைவ் அடைப்பு அப்படியே இருக்கும்.

ரிமோட் டெஸ்க்டாப்தான் பெரிய தலைவலி. அவருடைய லேப்டாப்பில் ஓடும் ஸ்கிரீன் ரீடருக்கு அந்த ஜன்னல் வெறும் படம், ஒரு எழுத்தும் படிக்க வராது. கிளையண்ட் இயந்திரத்துக்குள்ளேயே ஸ்கிரீன் ரீடர் இன்ஸ்டால் ஆக வேண்டும், ஒலியும் இந்தப் பக்கம் வர அனுமதி வேண்டும். பல கிளையண்ட் அமைப்புகளில் ஒலி இயல்பாகவே மூடியிருக்கும். ஒலி வந்தாலும் தாமதம் பாருங்கள்: ஒரு கீ அழுத்தி அரை நொடி கழித்து எழுத்து கேட்டால் அதில் நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. கிளையண்டின் அனுமதிக்கு மூன்று வாரம் போதாமல் போகலாம், ஆகவே இன்றே டிக்கெட் போடுங்கள். வராவிட்டால் கோட் நகல் உங்கள் பக்கம் இருக்கிற வேறு புராஜெக்ட்டில் அவரைத் தொடங்க வையுங்கள். சும்மா பெஞ்சில் உட்காரவைத்தால் ஆறு மாதத்தில் அப்ரைசலில் 'பங்களிப்பு குறைவு' என்று வரும். அது யார் குறை?

மொபைல் தடைக்கும் விதிவிலக்கு தேவைப்படலாம். காகிதத்தில் வரும் எதையும் பலர் போன் கேமரா வழியாகத்தான் வாசிக்கிறார்கள். ஓடிசிக்குள் காகிதமே தராமல் இருந்தால் இந்தப் பேச்சுவார்த்தையே தேவையில்லை.

---

பதில்: படிக்கட்டு

கட்டடம் பற்றி யாரும் பேசவில்லை. சுருக்கமாக.

சேருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, கூட்டம் இல்லாதபோது, கேட்டிலிருந்து சீட் வரை, சீட்டிலிருந்து கழிவறை, தண்ணீர், கேன்டீன், அவசர வழி வரை ஒருவர் கூட நடக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் 'ஏறும் படி', 'இறங்கும் படி' என்று சொல்லுங்கள், வெறும் 'படி' போதாது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காகப் பாதையும் பஸ் நிறுத்தமும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கேட்டுக்கு வெளியேயும் ஒருமுறை நடந்து பாருங்கள். கேப் என்றால் எந்த கேட்டில், எந்தப் பக்கம் இறக்குவது என்பதை டிரைவருக்கு நிலையாகச் சொல்லிவையுங்கள்.

வெள்ளைக் கோல் தரையில் உள்ளதைத்தான் சொல்லும். இடுப்புக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தீயணைப்பு சிலிண்டர், திறந்த பெட்டிக் கதவு, பாதி மூடிய கண்ணாடிக் கதவு, இவைதான் நெற்றியில் அடிக்கும். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும் அல்லது முழுக்க மூடியிருக்கட்டும். ஹாட் டெஸ்க் முறை (கிடைத்த சீட்டில் உட்காருவது) இருந்தால் அவருக்கு நிலையான சீட் ஒன்று. புதிய கட்டடங்களில் வெளியே தொடுதிரையில் மாடி எண் தட்டும் லிஃப்ட் வருகிறதே, அதில் குரல் வழி முறை இயங்குகிறதா என்று பராமரிப்பு ஆட்களிடம் கேளுங்கள். பல இடங்களில் வசதி இருக்கும், இயக்கியிருக்க மாட்டார்கள். கேன்டீன் டோக்கன் தொடுதிரை என்றால் கவுன்ட்டரில் வாங்கும் வழி திறந்திருக்கட்டும்.

தீ ஒத்திகையில் அவரைச் சீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் இறங்குவது பல கட்டடங்களில் நடக்கிறது. அவரும் இறங்க வேண்டும். கூட வர இரண்டு பேரை முன்பே முடிவு செய்யுங்கள்; ஒருவர் லீவில் இருப்பார்.

---

பதில்: கட்டளைவரி

கடைசியாக ஒன்று, இது டீம்லீட்டுக்கு மட்டும். அவர் வந்ததும் "நம்ம புராடக்ட்டோட ஆக்சஸிபிலிட்டி டெஸ்டிங்கை நீங்க பார்த்துக்கங்க" என்று ஆசையாகக் கேட்கத் தோன்றும். அவரை எடுத்தது பேக்கெண்ட் எழுத. அந்த வேலையில் அவருக்கு விருப்பம் இருந்தால் அவரே சொல்வார், அப்போது அதற்கான நேரத்தை ஸ்பிரின்ட்டில் பாயிண்ட் போட்டுக் கொடுங்கள். முதல் டிக்கெட் மற்ற புது ஆட்களுக்குத் தரும் அதே அளவில் இருக்கட்டும். ஆன்-கால் வரிசையிலும் (கோளாறு வந்தால் முறைவைத்துக் கவனிப்பது) பெயர் இருக்கட்டும், ஆனால் அதற்கு முன் உங்கள் அலர்ட் டாஷ்போர்டு வெறும் வரைபடமாக இல்லாமல் எண்களை அட்டவணையாகவும் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்கிரீன் ரீடர் திடீரென்று ஊமையானால் என்ன செய்வது என்பதைப் பக்கத்து சீட்டுக்காரர்களும் தெரிந்து வைத்திருக்கலாம்: டெஸ்க்டாப்பில் ஐகான் இருந்தால் கண்ட்ரோல்+ஆல்ட்+என் அழுத்தினால் என்விடிஏ மறுபடி தொடங்கும். அதுவும் எழாவிட்டால் விண்டோஸ்+கண்ட்ரோல்+என்டர் அழுத்தினால் விண்டோஸின் சொந்த நரேட்டர் பேசும். அதை வைத்துக்கொண்டு அவரே மீதியைச் சரிசெய்துகொள்வார்.